ஓபர்ஹவுசன் திறந்த வழி

1962 பிப்ரவரி 28 அன்று ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில், மேற்கு ஜெர்மனியின் இளம் திரைக்கலைஞர்கள் 26 பேர் பழைய சினிமா செத்துவிட்டதாக அறிவித்தார்கள். வெறும் ஆவேசம் என்று அதை ஒதுக்க முடியாது. அவர்கள் கையில் சான்று இருந்தது. முந்தைய ஆண்டு அதே விழாவில் அவர்களில் இருவரான க்ளூகேயும் ஷமோனியும் காட்டிய குறும்படம், நூரம்பெர்க் நாஜி மாநாட்டுத் திடலின் ஆளில்லாத சுவர்களையும் படிகளையும் காட்டி, பின்னணியில் அந்நாளைய குரல்களை ஒலிக்கவிட்டது. வணிகப் படங்கள் பேசத் தயங்கியதைக் கல்லே பேசியது.

பின்னாளில் புகழ்பெற்ற ஜெர்மன் இயக்குநர்களான ஹெர்சாக், ஃபாஸ்பிண்டர், வெண்டர்ஸ் ஒருவருமே அந்த அறிக்கையில் கையெழுத்திடவில்லையே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் கையெழுத்திட்டவர்கள் விடாமல் வாதாடியதால்தான் 1965-ல் அரசுப் பணத்தில் இளம் ஜெர்மன் சினிமாவுக்கான நிதியம் பிறந்தது. முதல் படம் எடுப்பவர்களுக்கு அதிலிருந்து வட்டியில்லாக் கடன் கிடைத்தது. க்ளூகேயின் முதல் முழுநீளப் படம் 1966-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்க விருதை வென்றது. ஹெர்சாக்கின் முதல் முழுநீளப் படமும் அந்த நிதியத்தின் உதவியில்தான் உருவானது.