கூவக்கரை முதல் கடற்கரை வரை

ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் உலாவி மகிழ்தல் தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், இந்திரவிழாவின் முடிவில், கோவலன் அத்திரி மீதும் மாதவி வையத்தின் மீதும் ஏறிப் புகார்க் கடற்கரைக்குச் செல்கின்றனர். அங்கே எழுந்த கானல்வரிப் பாடல்களில் காவிரியும் கடலும் மாறிமாறிப் பாடுபொருளாகின்றன. அந்தப் பாட்டே பிரிவுக்குக் காரணமாகிக் காப்பியத்தின் போக்கை மாற்றிவிடுகிறது. ஆற்றங்கரையும் கடற்கரையும் நம் புலவர்க்கு வெறும் காட்சியிடங்கள் அல்ல. மனித வாழ்வு திரும்பும் இடங்கள்.

அத்தகைய ஓர் ஆறும் கடற்கரையும் சென்னை மாநகரின் நடுவிலேயே உள்ளன. கடற்கரையை நாள்தோறும் பல்லாயிரவர் நாடிச் செல்கின்றனர். ஆற்றையோ மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்கின்றனர். கூவம் என்ற பெயரே இன்று சென்னைப் பேச்சுவழக்கில் வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் அப்பெயர் பாடல் பெற்ற ஓர் ஊரின் பெயர். திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள கூவம் என்னும் அச்சிற்றூரின் திருவிற்கோலத்தைத் திருஞானசம்பந்தர் பாடியுள்ளார். ஆறு நகரை நெருங்கும் வழியில் அமைந்த திருவேற்காடும் அவரால் பாடப்பெற்றதே. கூவம், கூவல் என்னும் சொற்கள் நம் அகராதிகளில் கிணற்றைக் குறிப்பன. தெளிந்த ஊற்றுநீரைச் சுட்டிய சொல் கழிவுநீரின் பெயராகத் தாழ்ந்த வரலாறு, நகரத்தின் வரலாற்றோடு பிணைந்தது. அதனை நூல்களில் மட்டுமன்றி, மூன்று காலைப்பொழுதுகளில் எளிதாக நடந்தும் கற்கலாம்.

1. கல்லூரிச் சாலை முதல் சிந்தாதிரிப்பேட்டை வரை

முதல் நடையை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் தொடங்குதல் தகும். சாலைக்கு அப்பெயர் தந்தது புனித சார்சுக் கோட்டைக் கல்லூரி. கும்பினி அலுவலர்க்குத் தென்னக மொழிகளைக் கற்பிக்க 1812இல் அதனை நிறுவியவர்களுள் முதன்மையானவர் எல்லிசு. அக்கல்லூரி பின்னாளில் இயங்கிய இடம், கூவத்தின் கரையிலுள்ள இன்றைய பள்ளிக்கல்வித் துறை வளாகம். தென்னக மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்னும் கருத்தை எல்லிசு 1816இல் எழுதி வெளியிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். நாற்பது ஆண்டு முன்னரே அவ்வாய்வுக்கு வித்திட்டது இக்கல்லூரிச் சூழலே. பஞ்சதந்திரக் கதைகளை உரைநடையில் தந்த தாண்டவராய முதலியாரும் இக்கல்லூரியோடு தொடர்புடையவர். தமிழ் உரைநடை வளர்ந்த களங்களுள் ஒன்று இந்த ஆற்றங்கரை எனலாம்.

எல்லிசுக்கும் நீருக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. நகரில் நீர்த்தட்டுப்பாடு நேர்ந்தபோது அவர் 27 கிணறுகள் வெட்டுவித்தார் என்று 1818ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் அமைந்த அக்கல்வெட்டில், நாட்டுக்கு உறுப்பாவன எவை என்று கூறும் திருக்குறள் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. குறளை ஏட்டில் படித்த ஆட்சியாளர் ஒருவர் அதன் பொருளைக் கிணறாக வெட்டியிருக்கிறார்.

எழும்பூரைக் கடந்து ஆற்றோடு சென்றால் கோமளீசுவரன்பேட்டை. வள்ளல் பச்சையப்ப முதலியார் (1754-1794) இப்பகுதியில் வாழ்ந்தவர். அவர் கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரை வழிபடுவது வழக்கம் என்பர். அவர் அறக்கொடையால் 1842இல் தொடங்கிய பள்ளியே பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்து தமிழறிஞர் பலரைத் தந்தது. இன்று இதே கரையில் நிற்போர்க்கு நீராடல் என்ற சொல்லே நம்பமுடியாததாகத் தோன்றும். ஆயினும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 230 ஆண்டுகளே.

எதிர்க்கரையில் சிந்தாதிரிப்பேட்டை. ஆளுநர் மார்ட்டன் பிட்டு காலத்தில், 1734இல், சுங்குராமர் என்னும் வணிகரின் தோட்டமாக இருந்த நிலத்தில் நெசவாளர்க்கென உருவாக்கப்பட்ட ஊர் இது. சின்னத் தறிப் பேட்டை என்பதே பெயரின் மூலம் என்பர். மூன்று பக்கமும் ஆறு வளைந்தோடும் இந்நிலத்தைத் தேர்ந்ததில் வியப்பில்லை. நூலுக்கும் துணிக்கும் நீர் வேண்டும். ஏற்றுமதிக்குத் துணி தேடிய கும்பினி நூற்போரையும் நெய்வோரையும் இங்குக் குடியேற்றியது. தறியோசை அடங்கிப் பல தலைமுறைகள் ஆயினும், நெருக்கமான தெருக்களும், அருகருகே அமைந்த ஆதிபுரீசுவரர், ஆதிகேசவப் பெருமாள் கோயில்களும் திட்டமிட்ட பழைய ஊரின் சாயலை இன்றும் காட்டுகின்றன.

2. தீவுத்திடல் முதல் நேப்பியர் பாலம் வரை

இரண்டாம் நடை குறுகியது. சிந்தாதிரிப்பேட்டைக்குக் கிழக்கே ஆறு இருகிளையாகித் தீவுத்திடலைச் சூழ்கிறது. இத்தீவு முற்றும் இயற்கையானதன்று. வடக்கிலிருந்து வந்த எழும்பூர் ஆற்றையும் கூவத்தையும் வாய்க்கால் வெட்டி இணைத்ததால் உருவானது. 1640இல் தோன்றிய கோட்டையின் பாதுகாப்பும் வெள்ளத் தடுப்பும் ஆறுகளின் போக்கையே மாற்றின. திடலருகே மன்றோவின் குதிரைச்சிலை, 1839 முதல், அங்கவடி இல்லாமலே நிற்கிறது.

சேப்பாக்கத்தின் பின்புறம் கூவத்தோடு கலக்கும் பக்கிங்காம் கால்வாயைக் கண்டு சற்று நிற்க வேண்டும். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1876-78 பெரும்பஞ்சத்தின்போது வெட்டப்பட்டது. பசியால் மெலிந்தோர் கூலிக்கு மண் சுமந்த வாய்க்கால் அது. அவர்தம் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை; ஆளுநரின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. 1990களில் அதன் மீதே தூண்கள் நட்டுப் பறக்கும் தொடர்வண்டிப் பாதை அமைத்தனர்.

ஆறு கடலைச் சேரும் இடத்தில் நேப்பியர் பாலம். ஆளுநர் நேப்பியர் காலத்தில், 1869இல், முதலில் இரும்புப் பாலமாக எழுந்தது. 1999இல் அதே வடிவில் இணைப்பாலம் ஒன்றும் கட்டப்பட்டது. இப்பாலத்தின் மீது நின்று இருபுறமும் நோக்குவோர்க்கு நகரத்தின் முரண் ஒரே பார்வையில் விளங்கும். ஒருபுறம் தேங்கிய கரிய நீர். மறுபுறம் பரந்த வெண்மணல்.

இவ்விரண்டும் பெரும்பகுதி ஒரே காரணத்தின் விளைவுகள் என்பதே பலரும் அறியாதது. சென்னைத் துறைமுகப் பணி 1876இல் தொடங்கியது. கடலுள் நீண்ட அலைதடுப்புச் சுவர், கரையோரமாக வடக்கு நோக்கி ஆண்டுதோறும் நகர்ந்த மணலை வழிமறித்தது. சுவரின் தெற்கே மணல் குவிந்தது. முன்பு சாலையருகே அலையடித்த இடத்தில் அகன்ற மணற்பரப்பு விரிந்தது. வடக்கே மணல்வரத்து இன்றிக் கடல் நிலத்தை அரித்தது. இராயபுரமும் அதற்கு வடக்கேயுள்ள மீனவர் குடியிருப்புகளும் அவ்விழப்பைச் சுமந்தன. அதே மணல் கூவத்தின் வாயையும் அடைத்தது. ஏற்றவற்றம் தடையின்றி உட்புகாத முகத்துவாரத்தில் ஆறு தன்னைத் தானே கழுவிக்கொள்ள இயலாது போயிற்று. மேலே கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து ஆற்றுநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. கீழே வாயடைப்பு, மேலே நீர்க்குறைவு, இடையே மாநகரின் கழிவு. இம்மூன்றும் கூடியே பாடல் பெற்ற பெயரை வசையாக்கின. மெரீனாவின் அழகைப் பாடுவோர் அவ்வழகுக்கு வடகரையும் கூவமும் கொடுத்த விலையையும் அறிந்து பாடுதல் நேர்மை.

ஆற்றை மீட்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1967க்குப் பின் தமிழக அரசு மேற்கொண்ட திட்டத்தால் கரைகள் கட்டப்பட்டு, படகுத்துறைகள் எழுந்து, 1973இல் படகுப் போக்குவரத்தும் தொடங்கியது. அது நிலைக்கவில்லை. 2015 திசம்பர் வெள்ளத்திற்குப் பின்னர்க் கூவக்கரைக் குடியிருப்புகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் முதலிய தொலைவிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. வெள்ள அச்சம் நீங்கிற்று; ஆனால் வேலையும் பள்ளியும் அக்குடும்பங்களுக்கு எட்டாத் தொலைவாயின. ஆறு தூய்மை பெறுவது யாருக்காக என்னும் வினா இக்கரையில் நடப்போரைத் தொடரவே செய்யும்.

3. பாலம் முதல் கலங்கரை விளக்கம் வரை

மூன்றாம் நடை அனைவரும் அறிந்த கடற்கரைச் சாலை. நான்கு கிலோமீட்டருக்கு உட்பட்ட சமதளம். முதியோரும் களைப்பின்றி நடக்கலாம். 1880களின் நடுவில் இங்கு உலாச்சாலை அமைத்து, இத்தாலிய நகர் ஒன்றின் நினைவால் மெரீனா எனப் பெயரிட்டவர் ஆளுநர் கிராண்ட் டப். சாலையின் மேற்கே பல்கலைக்கழகச் செனட் மண்டபம், நவாபின் சேப்பாக்கம் அரண்மனை, மாநிலக் கல்லூரி, 1842இல் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க எழுந்து 1897இல் விவேகானந்தர் தங்கிய இல்லம் என வரிசையாக நிற்கின்றன. கிழக்கே, 1959 முதல் உழைப்பாளர் சிலையும், 1968 சனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்த புலவர் சான்றோர் சிலைகளும் உள்ளன. மேலைநாட்டு ஆளுநர் பெயரிட்ட கடற்கரையில் வள்ளுவரும் ஔவையும் கம்பரும் வந்து நின்றது, நகரம் தன்னைத் தமிழில் எழுதிக்கொண்ட நிகழ்ச்சி எனலாம். அவற்றுள் கண்ணகி சிலை 2001 திசம்பரில் அகற்றப்பட்டதும், 2006இல் மீண்டும் நிறுவப்பட்டதும் காட்டுவது யாது? காப்பியத் தலைவியும் ஆட்சிமாற்றங்களுக்கு அப்பாற்பட்டவள் அல்லள்.

இச்சாலையில் கவிஞர்கள் தவறாது நிற்கவேண்டிய இடம் மாநிலக் கல்லூரியில் உள்ள உ.வே.சா. சிலை. 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்து கானல்வரியை நமக்கு மீட்டளித்தவர், 1903 முதல் 1919 வரை பணியாற்றிய கல்லூரியில், கடலை நோக்கியவாறு 1948 முதல் நிற்கிறார். ஆனால் அவர் வாழ்ந்த திருவல்லிக்கேணித் தியாகராச விலாசம் 2012இல் இடிக்கப்பட்டது. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊரூராக அலைந்தவரின் வீட்டை நம்மால் காக்க முடியவில்லை. அதே திருவல்லிக்கேணியில் பாரதியார் 1921இல் மறைந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு இல்லம் 1993இல் நினைவில்லமாயிற்று. ஒன்று நிலைத்ததும் மற்றொன்று மறைந்ததும் தற்செயலல்ல. கேட்பார் இருந்த இடம் நிலைத்தது.

பாரதியார் வாழ்ந்த காலத்தில் இக்கடற்கரை மணலே அரசியல் மேடை. 1907 மே மாதத்தில் விபின சந்திர பாலர் இங்கு ஆற்றிய உரைகளுக்குப் பாரதியாரும் நண்பர்களும் ஏற்பாடு செய்தனர். திலகர் திடல் என்று மக்கள் வழங்கிய பெயர் அந்நாளின் நினைவு. துறைமுகச் சுவர் குவித்த மணல்மீது நின்றே அத்துறைமுகத்தை ஆண்டோர்க்கு எதிரான குரல் எழுந்தது.

நடை 1977இல் திறக்கப்பட்ட கலங்கரை விளக்கத்தில் முடிகிறது. அதன் அருகே மீனவர் குப்பங்கள். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையில் நடக்க வந்தோரையும் வாழ்ந்தோரையும் ஒருசேர வாரிச்சென்றது. நெய்தல் திணைக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த முன்னோர் கடலை நன்கு அறிந்தே வகுத்தனர்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்திற்கு இம்மூன்று நடைகளும் ஒரு பணியைச் சுட்டுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறையேனும், மழைக்குப் பின் கூவம் ஓரளவு ஓடும் நாள்களில், உறுப்பினர் ஒன்றுகூடி இவ்வழியே நடக்கலாம். தெருப்பெயர்களையும், கரைவாழ் முதியோர் கூறும் செய்திகளையும் குறித்துவைக்கலாம். ஏடுகளைப் போலவே இடங்களுக்கும் பதிப்பாசிரியர் வேண்டும். பாடம் கேட்க வேண்டியவர்களுள் பலர் இப்போது பெரும்பாக்கத்தில் இருக்கிறார்கள்; முதலில் அங்கும் ஒருமுறை சென்றுவரல் வேண்டும்.