இல்லத்தில் எழுந்த தீர்ப்பு

ஒரு திரைப்படத்தின் நன்மை தீமைகளை எடுத்துரைக்கும் உரிமை யாருக்கு உண்டு? பத்திரிகையில் மதிப்புரை எழுதுவோருக்கு மட்டுந்தானா? படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதும் ஒரு மதிப்புரையே. அடுக்களையில் பாட்டி பேத்தியிடம் சொல்வதும் ஒரு மதிப்புரையே. ஆயினும் பத்திரிகையில் வந்தது அச்சேறி நிலைபெறுகிறது. வீட்டில் பேசியது காற்றோடு போய்விடுகிறது. தாயகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இந்த வீட்டுப் பேச்சு அரிய செல்வமாகும். தலைநகராகிய டில்லியில் அது எவ்வாறு வளர்ந்தது என்பதை இங்கே சற்று நோக்குவோம்.

தட்டு என்றதும் மூத்தோர் நினைவுக்கு வருவது கிராமபோன் இசைத்தட்டே. 1952-இல் 'பராசக்தி'யும், 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்ம'னும், 1965-இல் 'திருவிளையாட'லும் வெளிவந்தன. அவற்றின் பாடல்கள் மட்டுமன்றி, உரையாடல்களும் இசைத்தட்டுகளில் ஏறின. கோயில் திருவிழாக்களிலும் திருமணப் பந்தல்களிலும் அவை ஒலிபெருக்கி வழியே முழங்கின. படத்தைப் பாராதவரும் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லினர். ஒருமுறை கேட்டது வியப்பைத் தரும். பலமுறை கேட்டதுதான் ஆராயும் அறிவைத் தரும். இந்த உண்மையை முதலில் நமக்குக் காட்டியது, காதால் கேட்ட அந்தத் தட்டே ஆகும்.

கண்ணால் காணும் கருவி டில்லிக்கு வந்தது 1959 செப்டம்பர் 15ஆம் நாளிலாகும். வானொலியின் ஓர் அங்கமாகவே தொலைக்காட்சி அன்று பிறந்தது. வீடுதோறும் பெட்டி இல்லாத காலம் அது. ஆகவே, யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன் டில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தொலைக்காட்சி மன்றங்கள் அமைக்கப்பட்டன. மன்றத்தினர் ஒருங்கே அமர்ந்து நிகழ்ச்சியைப் பார்த்தனர். பின்னர் அதைப் பற்றி விவாதித்தனர். பார்ப்பவன் கருத்தும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியே என்னும் கொள்கை அன்றே வேரூன்றியது. 1965-இல் நாள்தோறும் ஒளிபரப்பு தொடங்கிற்று. 1976 ஏப்ரல் முதல் நாளன்று தொலைக்காட்சி வானொலியினின்று பிரிந்து, தூர்தர்ஷன் என்னும் தனி அமைப்பாயிற்று.

1982-இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. அக்காலத்துத் தமிழருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஒரு பண்டிகை. மாநில மொழிப் படங்கள் முறைவைத்து ஒளிபரப்பான வேளை அதுவேயாகும். தமிழின் முறை வரப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். அன்று தவறவிட்டால் தவறவிட்டதுதான். 1984-இல் தொடங்கிய 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடர் 156 பகுதிகள் ஓடியது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதிய அத்தொடருக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் கடிதங்கள் வந்தன என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். வீட்டிலிருந்து காண்போருக்குச் சொல்வதற்கு எவ்வளவோ உண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வீடியோ கேசட்டு வந்தபின் படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீட்டாருக்குக் கிடைத்தது. எனினும் கேசட்டு பெரும்பாலும் வாடகைப் பொருளாகவே இருந்தது. மறுநாள் காலை கடையில் திருப்பித் தர வேண்டும். நாடா தேயத் தேயப் படமும் மங்கும். இவ்விரு குறைகளையும் நீக்கியது குறுந்தகடு. வி.சி.டி.க்கான விதிமுறை 1993-இல் வகுக்கப்பட்டது; டி.வி.டி. 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இரண்டும் 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் தகடுகளே. ஊசி உராயாமல், லேசர் ஒளியே அவற்றைப் படிப்பதால், எத்தனை முறை பார்த்தாலும் தேய்மானம் இல்லை.

வி.சி.டி. ஒன்றில் ஏறக்குறைய 74 நிமிடப் படமே அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள் வேண்டும். தகட்டை மாற்றும் அந்தச் சில நிமிடங்களே வீட்டு விவாத மேடையாயின. “இந்தப் பெண் ஏன் வாய் திறக்கவில்லை?” என்று பாட்டி கேட்பார், “திறந்திருந்தால் படம் முடிந்திருக்குமே!” என்று பேரன் சொல்வான். திரையரங்கின் இருளில் அடங்கியிருந்த வாய்கள், கூடத்தின் வெளிச்சத்தில் திறந்தன.

விலை மட்டும் பலருக்கு எட்டாதிருந்தது. அக்குறையைத் தீர்க்க முன்வந்ததும் டில்லியில் 1983-இல் தோன்றிய ஒரு நிறுவனமே. வெற்றுத் தகடுகளைச் செய்து உலகச் சந்தையில் பெயர்பெற்ற மோசர் பேயர், 2007-இல் படத் தகடுகளையும் வெளியிடலாயிற்று. வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று அது விலை வைத்தது. வாடகைக்கு எடுத்த படம் இவ்வாறு அலமாரியில் அடுக்கும் உடைமையாயிற்று. புத்தகம் போலப் படமும் திருப்பிப் பார்க்கும் பொருளானது.

இதனால் வீட்டார் கருத்தில் என்ன மாறுதல் நேர்ந்தது? முதலாவது, ஒப்பு நோக்கும் பழக்கம். பாலு மகேந்திரா 1982-இல் தமிழில் 'மூன்றாம் பிறை'யை எடுத்தார். மறு ஆண்டே இந்தியில் 'சத்மா'வை எடுத்தார். இரண்டிலும் கமல்ஹாசனும் ஸ்ரீதேவியுமே நடித்தனர். இருமொழியும் அறிந்த டில்லித் தமிழர் இவ்விரண்டையும் அடுத்தடுத்த மாலைகளில் பார்க்க முடிந்தது. ஒரே கதை, ஒரே இயக்குநர், ஒரே நடிகர்கள். ஆயினும் மொழி மாறும்போது எது நழுவுகிறது, எது நிற்கிறது என்பதை அவர்கள் நுட்பமாக எடைபோட்டனர். அண்டை வீட்டு இந்திக்காரரும் அந்த வழக்கில் சாட்சியானார்.

இரண்டாவது, துணை எழுத்துகளால் விளைந்த பயன். டி.வி.டி.யில் எட்டு ஒலித்தடங்களும் முப்பத்திரண்டு மொழித் துணை எழுத்துகளும் இடம்பெற வழியுண்டு. டில்லியில் பிறந்து தமிழைச் சரளமாகப் பேச இயலாத பிள்ளைகள், திரையின் அடியில் ஓடும் ஆங்கிலத்தைப் படித்தே தமிழ்ப் படங்களைப் பார்த்தனர். ஆங்கிலத்தில் அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் மாமியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவர். “ஒரே சொல்தானே போட்டிருக்கிறது, இவர்கள் ஏன் வேறு வேறாக அழைக்கிறார்கள்?” என்று சிறுமி கேட்பாள். படத்தை நிறுத்திவிட்டுத் தாய் விளக்குவாள். தந்தையின் உடன்பிறந்தாள் யார், தாயின் தங்கை யார் என்னும் பாடம் அங்கே நடக்கும். நிறுத்தும் விசை இல்லாத திரையரங்கில் இது நிகழ்ந்திருக்குமா?

மூன்றாவது, தொடர்களைப் பற்றிய புதுத் தீர்ப்பு. ஆர். கே. நாராயணின் கதைகளைக் கொண்டு சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி தினங்கள்' 1980-களில் தூர்தர்ஷனில் வந்தது. வாரம் ஒன்றாகப் பார்த்தபோது இனித்தது, தகட்டில் ஒருசேரப் பார்த்தபோதும் இனித்ததா என்று வீட்டார் சோதித்தனர். 94 பகுதிகள் கொண்ட பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரத'த்துக்கும் இச்சோதனை நேர்ந்தது. ஒருசேரப் பார்க்கையில் சில காட்சிகள் நீண்டு சலித்தன. சில காட்சிகள் முன்னினும் ஆழ்ந்து தோன்றின.

இங்கே ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. திரையரங்கிலேயே திருட்டுத்தனமாகப் படம்பிடித்த போலித் தகடுகளும் வீடுகளில் புகுந்தன. பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பட்டு, வீடியோப் படங்களில் தயாரித்தவர் பெயரும் முகவரியும் தணிக்கைச் சான்றும் இடம்பெறல் வேண்டும் என விதிக்கப்பட்டது. தமிழக அரசு 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தை வீடியோத் திருடர்மீதும் பாயச் செய்தது. ஒளி மங்கி, ஒலி சிதைந்த பிரதியைக் கண்டு “படம் நன்றாக இல்லை” என்று சொல்வது, கிழிந்த ஏட்டைப் படித்துப் புலவனைப் பழிப்பதற்கு ஒப்பாகும். நேரிய தீர்ப்புக்கு நேரிய பிரதி வேண்டும்.

இன்று தகட்டின் காலம் சாய்ந்துவிட்டது. மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் ஆணை பிறந்தது. தகட்டை ஓட்டும் கருவியும் அரிதாகி வருகிறது. ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியில் தனித்தனியே படம் பார்க்கின்றனர். படங்களைக் காக்க 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது. ஆனால் அப்படங்களைப் பற்றிக் கூடத்தில் பாட்டி சொன்ன சொல்லைக் காக்கும் காப்பகம் ஏது? அச்சொல் தமிழில் சொல்லப்பட்டது. அடுத்த தலைமுறை அதைத் தமிழில் கேட்டது. அதுவே நாம் இழக்கக்கூடாத பொருள்.

ஆதலால் ஒன்று செய்வோம். அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் தகடுகளை எறிவதற்கு முன், ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்வோம். எந்தப் படத்தை எந்த ஆண்டு எவருடன் பார்த்தோம், யார் என்ன சொன்னார், எதற்காகச் சண்டையிட்டோம் என்று எழுதிவைப்போம். 1946-இல் தோன்றிய டில்லித் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் பல நகரங்களில் உள்ளன. இத்தகைய குறிப்பேடுகளுக்கு அவற்றின் நூலகங்களில் ஓர் அலமாரி ஒதுக்கினால் போதும். மாதம் ஒருமுறையேனும் வீட்டார் அனைவரும் ஒரே திரையின்முன் அமர்ந்து ஒரு தமிழ்ப் படம் பார்ப்போம். நடுவில் நிறுத்திப் பேசுவோம். தகடு மறையினும் அந்தப் பேச்சு மறையாதிருக்கட்டும்.