கரையில் முடியும் கடற்பயணம்

துவாரகா என்னும் பெயருக்கு வாயில் என்பது பொருள். கண்ணபிரானின் கடற்கரை நகருக்குரிய அப்பெயரைத் தலைநகரின் தென்மேற்கு மூலையில், அலையோசையே கேட்டறியாத நிலத்தில் எழுந்த ஒரு குடியிருப்புக்குச் சூட்டியிருக்கிறார்கள். அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, கடலோர மாவட்டங்களிலிருந்து வந்தவை. நாகை, தூத்துக்குடி, காரைக்கால், கடலூர் என்று ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே அவர்தம் குரலில் உப்புக்காற்று வீசுவதை நாம் உணரலாம். ஆயினும், அவ்வூர்களில் ஒரு பாய்மரக்கலம் நெடும்பயணத்துக்கு எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டது என்று நம் பிள்ளைகள் கேட்டால், விடை சொல்ல வல்லார் நம்மில் எத்தனை பேர்?

தமிழர் கடல் வரலாறு என்றவுடன் கடாரம் கொண்ட இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பை நாம் பெருமிதத்தோடு சொல்கிறோம். அது தகும். ஆனால் அரசன் ஆணையிட்டதும் கலங்கள் தாமே கடலில் இறங்கிவிடுவதில்லை. அதற்குப் பல மாதங்கள் முன்னரே மரம் அறுப்போரும், கயிறு திரிப்போரும், பாய் தைப்போரும் மணலில் உழைத்திருக்க வேண்டும். கடற்பயணத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் கரையிலேயே முடிந்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதல் ஆயத்தம் காலத்தை அறிதல். நம் கடல்களில் ஆண்டு தோறும் இரு காற்றுகள் மாறி மாறி ஆட்சி செய்கின்றன. வைகாசி இறுதி முதல் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று. ஐப்பசி முதல் மாசி வரை வடகிழக்குக் காற்று. பின்னதையே யாழ்ப்பாணத்துக் கடலோடிகள் வாடை என்றும், முன்னதைச் சோளகம் என்றும் வழங்கினர். வாடைக் காற்று, இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து அரபு நாட்டுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கலங்களைக் கொண்டு சென்றது. தென்மேற்குக் காற்று அவற்றைத் திரும்பக் கொணர்ந்தது. கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றின் இயக்கத்தைத் தன் ஏவலுக்கு உட்படுத்திக் கலம் செலுத்தியதாக வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் புறநானூற்றின் 66-ஆம் பாடலில் குறிக்கிறார். காற்றை எதிர்த்து வெல்வது அன்று, அதன் முறையறிந்து அதனைப் பணிகொள்வதே கலைஞனுக்கு அழகு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஆனால் வாடைக் காலத்தின் தொடக்கமே வங்கக் கடலில் புயற்காலமுமாகும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயலை மறந்தவர் இலர். ஆகவே குளிர்காலப் பயணத்துக்குப் புறப்படுவோன் அவசரப்படலாகாது. வானமும் நீரும் தெளியும் வரை காத்திருத்தலும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. தை பிறந்தால் வழி பிறக்கும் என்னும் பழமொழி உழவனுக்கு மட்டுமன்று, கடலோடிக்கும் பொருந்தும்.

இரண்டாவது ஆயத்தம் கலத்தின் உடல். தென்மேற்குக் காற்று வலுத்திருக்கும் மாதங்களில் கிழக்குக் கரைத் தோணிகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது வழக்கம். அடிப்பலகையில் ஒட்டியுள்ள சிப்பிகளைச் சுரண்டி எடுப்பர். பின்பு கலப்பற்று நடைபெறும். பலகைக்கும் பலகைக்கும் இடையேயுள்ள இடுக்குகளில் எண்ணெயில் தோய்த்த பஞ்சை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செறித்து, மேலே குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசுவதே கலப்பற்று. ஓர் இடுக்கு விடுபட்டாலும் நடுக்கடலில் அதன் வழியே நீர் புகும். நீரில் மூழ்கும் பகுதிக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசுவர். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்கு அது தடை. வேம்பு, இலுப்பை, புன்னை போன்ற மரங்களின் தன்மைகளை ஆராய்ந்து கலம் செய்யும் முறையைக் 'கப்பல் சாத்திரம்' என்னும் பழைய தமிழ் நூல் கூறுகிறது.

மூன்றாவது, பாயும் கயிறும். பருத்திப் பாய் ஈரத்தோடு சுருட்டி வைக்கப்பட்டால் பூஞ்சை பிடித்து நைந்துவிடும். எனவே வெயிலில் உலர்த்தித் தையல்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பர். பாயை ஏற்றி இறக்கும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று பெயர். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். பருமல் முறியலாம், ஆஞ்சான் அறலாம் என்று எண்ணி மாற்று மரமும் மாற்றுக் கயிறும் ஊசியும் நூலும் கோடரியும் உடன் வைப்பர். தென்னை நார்க் கயிறு உப்பு நீரைத் தாங்கும் வன்மையுடையது. நீரில் மிதக்கும் இயல்பும் அதற்கு உண்டு. கடைசியாக ஏற்றப்படுவன நல்ல தண்ணீரும் அரிசியும் புளியும் கருவாடும். சரக்கு ஏதுமின்றிச் செல்லும் கலத்துக்கு அடியில் கல்லோ மணலோ பாரமாக இட வேண்டும். இல்லையேல் காற்று அதனைக் கவிழ்த்துவிடும்.

இத்தகைய ஆயத்தத்தின் வன்மையை உலகுக்கு மெய்ப்பித்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் அன்னபூரணி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரம் கொண்டு, உள்ளூர்க் கைவினைஞரால் 1930 அளவில் கட்டப்பட்ட பாய்மரக்கலம் அது. சிறு படகில் உலகைச் சுற்றி வந்திருந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதன் அழகில் ஈடுபட்டு விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் நினைவாகப் புளோரன்ஸ் ராபின்சன் என்று பெயரும் மாற்றினார். மக்கூயிஷ் என்னும் அமெரிக்கக் கப்பல்தலைவரோடு, வல்வெட்டித்துறையைச் சேர்ந்த தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவ்வூர்க் கடலோடிகளும் அதனைச் செலுத்தினர். ஏடன், சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா எனக் கடல்கள் பல கடந்து, 1938 ஆகஸ்ட் முதல் நாளன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் அக்கலம் நங்கூரமிட்டது.

அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகளைத் தாங்கியது எது? மணலில் அமர்ந்து இடுக்கிடுக்காகப் பஞ்சைச் செறித்த கைகளின் நேர்மையே. தண்டையலின் பெயர் நமக்குக் கிடைத்தது நற்பேறு. ஆனால் அந்தக் கலப்பற்றுக்காரர் அனைவரின் பெயர்களையும் இன்று எவர் கூறுவார்?

பழங்காலக் கதையோடு இது முடிந்துவிடவில்லை. 2024 அக்டோபர் 2-ஆம் நாள், இந்தியக் கடற்படையின் தாரிணி என்னும் பாய்மரக்கலம் கோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டது. சுமார் 17 மீட்டர் நீளமுள்ள அக்கலத்தில் இருவர் மட்டுமே இருந்தனர். ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. மற்றவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. ஏறத்தாழ எட்டு மாதம், 25,000 கடல் மைலுக்கும் மேற்பட்ட தொலைவு. ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், பாக்லாந்துத் தீவின் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆகிய நான்கு துறைகளில் தங்கி, 2025 மே 29-ஆம் நாள் கோவா திரும்பினர். அதற்கு முன் மூன்றாண்டுக் காலம் அவர்கள் பயிற்சி பெற்றனர் என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. எட்டு மாதப் பயணத்துக்கு மூன்றாண்டு ஆயத்தம்!

அவர்கள் புறப்பட்ட காலத்தையும் எண்ணிப் பாருங்கள். கொந்தளிப்புக்குப் பெயர்போன தென்னமெரிக்க முனையான ஹார்ன் முனையை அவர்கள் கடந்தது 2025 பிப்ரவரியில். நமக்குக் குளிர்காலமாகிய அப்போது தென்கோளத்தில் கோடை. ஆண்டின் பிற காலங்களை நோக்க அக்கடல் சற்றே அடங்கியிருக்கும் காலம். செயற்கைக்கோள் வழிகாட்டும் இந்நாளிலும் பயணத்தைத் தொடங்கும் நாளை உறுதி செய்வது காற்றே. வல்வெட்டித்துறைத் தண்டையலும் தாரிணியின் வீராங்கனையரும் கற்ற பாடம் ஒன்றுதான்.

இருபதாம் நூற்றாண்டு முடியுமுன் நம் துறைமுகங்களில் பாயின் இடத்தை எந்திரம் பற்றிக்கொண்டது. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை; உயிர்ச்சேதம் குறைந்தது நன்றே. வருந்தத்தக்கது வேறு. ஆஞ்சான், பருமல், கலப்பற்று ஆகிய சொற்கள், அவற்றை நாவில் கொண்டிருந்த முதியவர்களோடு மறைந்து வருகின்றன. ஏட்டில் ஏறாத அறிவு, ஒரு தலைமுறை கேட்கத் தவறினால் அழிந்துபடும்.

துவாரகாவில் வாழும் நாமும் ஒரு வகையில் கலமேறி வந்தவர்களே. நாம் ஏறியது புகைவண்டியாயினும், புளியும் அரிசியும் அப்பளமும் கட்டித் தந்த அன்னையரின் கைகள், தோணிக்கு நீர்ப்பீப்பாய் ஏற்றிய கைகளினின்றும் வேறல்ல. ஆதலின், அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கி வருவதோடு அமையாமல், அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவரிடம் பிள்ளைகளை அழைத்துச் செல்வோமாக. "தாத்தா, உங்கள் காலத்தில் தோணியை எப்படிப் பயணத்துக்கு ஆயத்தம் செய்தீர்கள்?" என்று அவர்கள் கேட்கட்டும். அவர் கூறும் சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். பெயர் தெரியாத அந்தக் கைகளுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.