சொந்த வளவில் எழுதுவது: வலைப்பதிவின் ஒரு சின்ன வரலாறு

2009 ஒக்டோபர் 26 அன்று யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் என்ற சேவையை மூடியது. எங்கட வயதுக்காரர் கனபேருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்காது. 1994இல் தொடங்கிய அந்தச் சேவையில் யாரும் இலவசமாக ஒரு பக்கத்தைத் திறந்து எழுதலாம். 1999இல் யாஹூ அதை 300 கோடி டொலருக்கு மேல் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து வாங்கியது. பத்து வருஷத்தில் இழுத்து மூடிவிட்டது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு போன்றவர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. எழுதின ஆக்கள் அங்கே வீடு கட்டியிருந்தார்கள், ஆனால் வளவு அவர்களுடையது இல்லை.

இப்ப நாங்கள் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் எழுதுவதும் இதே மாதிரித்தான். அதனால்தான் "சொந்தமா ஒரு வலைப்பதிவு போடுவம்" என்ற கதை அடிக்கடி வருகிறது. அந்த "சொந்தம்" என்ன என்று விளங்க, கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும்.

வெப்லொக் என்ற சொல்லை 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் பயன்படுத்தினார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை விளையாட்டாக உடைக்க, 'ப்ளொக்' பிறந்தது. அந்தக் காலத்தில் பக்கத்தைக் கையாலேயே எழுதி, சேர்வருக்கு ஏற்றவேணும். 1999 ஓகஸ்டில் பைரா லாப்ஸ் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்ட ப்ளொக்கர் இந்த வேலையை இலகுவாக்கியது. ப்ளொக்கர் தொடக்கத்தில் எழுதும் கருவி மட்டும்தான். நீங்கள் எழுதினதைப் பக்கமாக்கி உங்கட சேர்வருக்கே அனுப்பிவிடும். சேர்வர் இல்லாதவர்களுக்கு ப்ளொக்ஸ்பொட் பிறகுதான் வந்தது. 2003இல் கூகுள் ப்ளொக்கரை வாங்கியது. 2010 மே மாதத்தோடு வெளிச் சேர்வருக்கு அனுப்பும் வசதியை நிறுத்தியது. அதற்குப் பிறகு ப்ளொக்கரில் எழுதினால் எழுத்து கூகுளிடம்தான் இருக்கும்.

இன்னொரு பாதையும் இருந்தது. 2001இல் பென், மேனா ட்ரொட் தம்பதி மூவபிள் டைப் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். அதைச் சொந்த சேர்வரில் நிறுவிக்கொள்ளலாம், தனிப்பட்ட பாவனைக்கு இலவசம். நிறையப்பேர் அதை நம்பி இறங்கினார்கள். 2004 மே மாதம் 3.0 பதிப்போடு உரிமம் மாறியது. இலவசப் பதிப்பில் ஒரு எழுத்தாளர், மூன்று வலைப்பதிவுகள் மட்டும். அதற்கு மேல் வேணுமென்றால் காசு. சேர்வர் சொந்தம்தான், ஆனால் மென்பொருளின் உரிமம் வேற ஆளின் கையில் இருந்தது.

அதே 2001இல் மிஷெல் வால்ட்ரிகி என்பவர் பி2 என்ற மென்பொருளை எழுதத் தொடங்கியிருந்தார். அதை ஜிபிஎல் உரிமத்தில் விட்டார், அதாவது யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றினதை அதே உரிமத்தில் பகிரலாம். கொஞ்சக் காலத்தில் அவர் அந்த வேலையில் இருந்து காணாமல் போய்விட்டார். 2003 ஜனவரியில், அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருந்த 19 வயது மாணவர் மட் முல்லன்வெக், தான் பாவிக்கும் பி2 கைவிடப்பட்டுவிட்டது, உரிமம் இடம்தருவதால் நாமே தொடரலாம் என்ற கருத்தில் ஒரு பதிவு போட்டார். இங்கிலாந்தில் இருந்து மைக் லிட்டில், தானும் சேரத் தயார் என்று பதில் போட்டார். 2003 மே 27இல் வேர்ட்பிரஸ் 0.7 வந்தது. அடுத்த வருஷம் மூவபிள் டைப்பின் உரிமத்தில் கோபப்பட்டு வெளிக்கிட்ட பலர் வந்து சேர்ந்ததும் இங்கேதான்.

ஆரம்பித்தவர் இல்லாமல் போனபோதும் பி2 சாகவில்லை. அதற்குக் காரணம் ஒரு உரிமப் பத்திரம். யாரிடமும் அனுமதி கேட்காமல் இரண்டு பேர் தொடர ஏலுமாக இருந்தது. அந்த வரலாற்றில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

வேர்ட்பிரஸ் 'ஐந்து நிமிட நிறுவல்' என்று பெயர் எடுத்தது. பெயர் (டொமைன்) வாங்கி, ஹோஸ்டிங் எடுத்து, தரவுத்தளம் திறந்து, கோப்புகளை ஏற்றி, கடவுச்சொல் கொடுத்தால் சரி. தமிழுக்கு மட்டும் இன்னொரு தலையிடி இருந்தது. யூனிகோட் பரவ முதல் பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதினார்கள், எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோட் வந்த பிறகும், தரவுத்தளம் பழைய ஐரோப்பிய எழுத்துமுறையில் இருந்தால், சேர்வர் மாற்றும்போது தமிழ் முழுக்கச் சிதையலாம். அதனால் தரவுத்தளம் திறக்கும்போதே அதன் எழுத்துமுறை யூனிகோட்தானா என்று பாருங்கள்.

சரி, இவ்வளவும் செய்தால் எல்லாம் சொந்தமா? இல்லை. ஹோஸ்டிங்கும் வாடகைதான், அதுவும் கனக்க டொலரில். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவில் இருந்து சில மாதங்களிலேயே 350ஐத் தாண்டியபோது அந்த வாடகையும் கூடவே ஏறியது. ஒரு வருஷம் கட்டாவிட்டால் தளம் மூடும், பெயரும் கைமாறலாம். கதையின் மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும்: காசு கட்ட ஆளில்லாமல் தனித்தளங்கள் மறைய, பழைய ப்ளொக்ஸ்பொட் பதிவுகள் பல இன்னும் திறக்கின்றன.

ஆகவே சொந்தம் என்பது எங்கே இருக்கிறோம் என்பதில் இல்லை, தேவைப்பட்டால் எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட ஏலுமா என்பதில்தான் இருக்கிறது. அதற்கு மூன்று விஷயம் போதும். பெயர் உங்கட பெயரில் பதிவாகியிருக்கவேணும், ஹோஸ்டிங் போட்டுத்தந்த நண்பரின் பெயரில் இல்லை. மென்பொருள் திறந்த உரிமத்தில் இருக்கவேணும். எழுதினதன் பிரதி உங்கட கையில் இருக்கவேணும். வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து மட்டும்தான் வரும், படங்களின் முகவரி இருக்கும், படங்கள் இராது. அவற்றைத் தனியாக இறக்கி வையுங்கள். எடுத்த பிரதியை ஒருக்கால் வேறொரு இடத்தில் திறந்தும் பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் பிரயோசனமில்லை.