செட்டியார், ஏ. கே. (ஆரம்ப காலப் படப்பணி)

தமிழில் பிரயாண இலக்கியத்துக்குத் தனியொரு கௌரவத்தைத் தேடித் தந்தவரும், 1943-ஆம் ஆண்டு முதல் 'குமரி மலர்' என்னும் பத்திரிகையைத் தம் ஆயுள் முழுவதும் விடாமல் நடத்தி வந்தவருமான ஏ. கே. செட்டியார், அவ்விரு கீர்த்திகளும் தம்மை வந்து அடைவதற்கு முன்பே, இருபத்தொன்பது வயது நிறைவதற்குள், காந்தியடிகளின் சரித்திரத்தை முழுநீளப் படமாகத் தொகுத்தளித்தவர் ஆவார். கருப்பன் என்பது இவருடைய இயற்பெயர். அக்காலத்து இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த கோட்டையூரில், நகரத்தார் குடும்பம் ஒன்றில் 1911-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி பிறந்தார்.

நகரத்தார் பிள்ளைகள் மீசை அரும்பும் பருவத்திலேயே கப்பலேறிப் பர்மாவுக்குப் போய், லேவாதேவிக் கடையில் பெட்டியடியில் அமர்வது அந்நாளைய வழக்கம். செட்டியாரும் இரங்கூனுக்குப் போகத்தான் செய்தார். ஆனால் அங்கே அவர் அமர்ந்தது வட்டிக் கணக்கு எழுதுவதற்கன்று, 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பில். எழுத்தோடு நில்லாமல், புகைப்படக் கலையை முறையாகக் கற்க வேண்டும் என்ற வேட்கை பிறக்கவே, ஜப்பானுக்குச் சென்று டோக்கியோவில் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று நியூயார்க் போட்டோகிராபிக் கல்விக்கூடத்தில் அப்பயிற்சியைப் பூர்த்தி செய்தார். ஸ்டூடியோ வாசலில் காத்திருந்து, எடுபிடி வேலை செய்து, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர்கள் மிகுந்திருந்த அக்காலத்தில், இப்படிக் கடல் கடந்து போய்ப் பாடமாகவே கற்று வந்த தமிழர் அபூர்வம்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் 'சமாரியா' என்ற கப்பலில் பிரயாணம் செய்துகொண்டிருந்தபோது, அன்று காந்தியடிகளின் பிறந்த நாள் என்பது நினைவுக்கு வர, அவருடைய வாழ்க்கையை ஏன் ஒரு படமாக்கக் கூடாது என்ற எண்ணம் செட்டியாருக்கு உதித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கையில் பெரும் பொருளில்லை. தலைவர்களின் சிபாரிசும் இல்லை. படத்துக்குரிய நாயகரோ சினிமாவிடம் சிறிதும் பற்றில்லாதவர். 1927-இல் அரசாங்கம் நியமித்த சினிமா விசாரணைக் கமிட்டி அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டபோது, தாம் சினிமாவுக்குப் போனதே இல்லை என்று தெரிவித்துவிட்டவர்.

நடிகருக்கு வேஷம் கட்டிக் காந்தியாக நிறுத்துவது செட்டியாரின் நோக்கமன்று. காந்தியடிகளை யார் யார், எந்தெந்த நாட்டில், எப்போது படம் பிடித்தார்களோ அவர்களிடமெல்லாம் போய், அந்தச் சுருள்களைத் தேடிச் சேர்ப்பதே அவர் மேற்கொண்ட காரியம். 'டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்ற ஸ்தாபனத்தை அமைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் தூரம் சுற்றினார். முப்பது ஆண்டுக் காலத்தில் சுமார் நூறு காமிராக்காரர்கள் பிடித்திருந்த படங்களிலிருந்து அவர் திரட்டியது ஐம்பதினாயிரம் அடி. பேசும்படத்தில் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும் என்று கணக்கிட்டால், இத்தனையையும் ஒருமுறை போட்டுப் பார்த்து முடிக்கவே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இந்தத் தேட்டத்தின் சிரமம் தூரத்தில் மட்டும் இருக்கவில்லை. செய்திப்படம் என்பது பத்திரிகையைப் போல அன்றன்றைக்குப் பிழைப்பது. வாரம் கழிந்ததும் அதன் விலை போய்விடும். அக்காலத்துப் பிலிமோ நைட்ரேட்டால் ஆனது: சூடு பட்டால் குபீரென்று தீப்பற்றும்; வைத்திருந்தால் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துப் பொடியாகும். 1912-இல் கோகலே தென்னாப்பிரிக்காவுக்கு விஜயம் செய்த காட்சி போன்ற பழம்படங்கள் ஒருவர் கண்ணில் பட்டதே பாக்கியம் என்று சொல்ல வேண்டும். அவை கையால் சுழற்றும் காமிராவில், விநாடிக்குப் பதினாறு பதினெட்டுக் கட்டங்கள் என்ற வேகத்தில் பிடிக்கப்பட்டவை. விநாடிக்கு இருபத்துநான்கு கட்டங்கள் ஓடும் பேசும்படக் கருவியில் அவற்றை அப்படியே ஏற்றினால், நிதானமாக நடந்த மனிதர்களெல்லாம் குடுகுடுவென்று ஓடுவார்கள். தலைவர்களைக் கோமாளிகளாகக் காட்டிவிடும் இந்தக் கோளாறு, பழைய சுருளையும் புதிய சுருளையும் ஒட்டி ஒரே கதையாக்க முயல்வோர் எவரையும் விடுவதில்லை. கிடைக்காத பகுதிகளைப் புதிதாகவும் எடுக்க நேர்ந்தது. பாரிஸில் படக்கலை பயின்ற டாக்டர் பி. வி. பதி அப்பணியில் உதவினார்.

படம் முடியுமுன் யுத்தம் மூண்டது. மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜிநாமாச் செய்து விலகின. தண்டி யாத்திரைப் படங்களை முன்பே தடை செய்திருந்த சர்க்கார், காந்தியின் முகத்தைத் திரையில் காண்பதை விரும்பியிராது. ஆயினும் 'மகாத்மா காந்தி' 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி, தமிழ் விளக்கவுரையுடன், சென்னை ராக்ஸி தியேட்டரில் வெளியாயிற்று. டி. கே. பட்டம்மாள் அதில் இராட்டைப் பாட்டு ஒன்று பாடியிருந்தார். தெலுங்குப் பதிப்பும் பிறகு வந்தது. சுதந்திரத்துக்குப்பின் ஹிந்தியிலும், 1953-இல் ஹாலிவுட்டில் தயாரான ஆங்கில வடிவிலும் அது மறுபிறவி எடுத்தது.

படச்சுருள்களைத் தேடிச் சுற்றிய பிரயாணத்தின் வரலாற்றைச் செட்டியாரே பின்னர் கட்டுரைகளாக எழுதினார். 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற பெயரில் அவை நூலாகியுள்ளன. பட்ட கஷ்டத்தைச் சொல்லிப் பச்சாதாபம் தேடும் வாக்கியம் ஒன்றையும் அந்நூலில் காண்பது அரிது. சந்தித்தவர்கள் இருக்கிறார்கள், பார்த்த ஊர்கள் இருக்கின்றன. எழுதியவர் மட்டும் தூணுக்குப் பின்னால் நிற்பவரைப் போல மறைந்தே நிற்கிறார். வாசகனுக்கு இது சில இடங்களில் குறையாகவே தோன்றும். இன்னும் கொஞ்சம் தம்மைப் பற்றிச் சொல்லியிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். அவர் தொகுத்த தமிழ்ப் படத்தின் முழுப் பிரதி இன்று பார்வைக்குக் கிடைப்பதில்லை. ஆங்கில வடிவின் பிரதி ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டது.