மஹிந்திராவின் ஏணிச் சட்டம்: ஜீப் முதல் ஸ்கார்ப்பியோ-என் வரை

பாவூர்ச்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளம் செல்லும் பொலேரோ பிக்கப்பையும், சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு வருபவர்களின் ஸ்கார்ப்பியோவையும் பார்த்தால் இரண்டுக்கும் உறவு இருப்பதாகத் தோன்றாது. ஆனால் மேற்கூட்டைக் கழற்றிவிட்டால் இரண்டின் அடியிலும் இருப்பது ஒரே வகைச் சட்டம்தான். நீளவாக்கில் இரண்டு எஃகு உத்தரங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். பார்வைக்கு ஏணி போலவே இருக்கும். எஞ்சின், அச்சு, சஸ்பென்ஷன் எல்லாம் இதில்தான் பொருத்தப்படும். குத்துக்கல்வலசை போன்ற தென்காசிச் சுற்றுவட்டார ஊர்களில் இதைச் சுருக்கமாகச் 'சேஸிஸ்' என்பார்கள்.

இன்றைய பெரும்பாலான கார்களில் இப்படித் தனிச் சட்டம் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்கும். இதற்கு மோனோகாக் என்று பெயர். எடை குறைவு, ஓட்டம் சுகம். ஆனால் பின்பாதியை வெட்டிவிட்டுச் சரக்குத் தொட்டி வைப்பது அதில் எளிதல்ல. ஏணிச் சட்டத்திலோ ஒரே அடித்தளத்தின்மேல் எஸ்யூவியையும் உட்காரவைக்கலாம், பிக்கப்பையும் உட்காரவைக்கலாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவ்ரோலே சில்வராடோ பிக்கப்பையும் டாஹோ எஸ்யூவியையும் இந்த முறையில்தான் உருவாக்குகிறது. புதிய அடித்தளத்துக்கு ஆகும் செலவு மிகப் பெரிது. பல வண்டிகள் அதைப் பகிர்ந்துகொண்டால்தான் முதல் திரும்பும்.

மஹிந்திரா நிறுவனம் 1945இல் எஃகு வணிகமாகத் தொடங்கியது. அப்போதைய பெயர் மஹிந்திரா அண்ட் முகம்மது. பங்குதாரர் குலாம் முகம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனத்தின் பெயர் மாறியது. 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை உதிரிகளாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கினார்கள். அந்த ஜீப்பின் வழிவந்த வண்டிகளே அடுத்த அரை நூற்றாண்டுக்கு நிறுவனத்துக்குச் சோறு போட்டன. அடித்தளம் பிறருடையது, திருத்தம் நம்முடையது என்ற நிலை.

1990களின் நடுவில் ஃபோர்டுடன் கூட்டுச் சேர்ந்தது மஹிந்திரா. எஸ்கார்ட் கார் வந்தது. மறைமலை நகரில் தொழிற்சாலையும் எழுந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே மஹிந்திராவின் பங்கு சுருங்கி, அது ஃபோர்டு இந்தியா ஆனது. இதே காலத்தில்தான் மஹிந்திரா சொந்த வண்டி ஒன்றை வடிவமைக்கத் துணிந்தது. அதற்குத் தலைமை தாங்கிய பவன் கோயங்கா, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுப் பிரிவில் 14 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 1993இல் நாடு திரும்பியவர். 2002 ஜூனில் ஸ்கார்ப்பியோ வெளிவந்தது. பாகங்கள் பலவற்றை உருவாக்கும் பொறுப்பை உதிரிபாக நிறுவனங்களிடமே ஒப்படைத்ததால், உலக நிறுவனங்கள் செலவிடுவதில் ஒரு சிறு பங்கிலேயே வேலை முடிந்தது. அதே அடித்தளத்தில் பிறகு பிக்கப்பும் வந்து வெளிநாடுகளுக்குப் போனது.

ஆனால் சிக்கனத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2016இல் குளோபல் என்கேப் அமைப்பு, காற்றுப்பை இல்லாத அடிப்படை ஸ்கார்ப்பியோவை மோதிச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அது பெற்ற நட்சத்திரம் பூஜ்ஜியம். கனமான சட்டம் இருந்தால் வண்டி பத்திரம் என்று நம் ஊரில் பலர் இன்றும் நம்புகிறார்கள். மோதலில் முக்கியம் சட்டத்தின் கனமல்ல. முன்பகுதி ஒழுங்காக மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும், ஆட்கள் அமரும் கூடு சிதையாமல் நிற்பதும், பெல்ட்டும் காற்றுப்பையும் ஆளைப் பிடித்துக்கொள்வதும்தான்.

இதற்கிடையில் 2012இல் செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் மஹிந்திரா ரிசர்ச் வேலி ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. முழுக்கப் புதிய ஏணிச் சட்டத்தில் அமைந்த ஸ்கார்ப்பியோ-என்னின் பொறியியல் பணி இந்த மையத்திலும் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகிலுள்ள மையத்திலும் நடந்தது. தோற்றம் மும்பையில் வரையப்பட்டது. உற்பத்தி புனே அருகே சாக்கனில். 2022 ஜூனில் அறிமுகமாகி, ஜூலை 30 அன்று முன்பதிவு திறந்த அரை மணி நேரத்தில் 1 லட்சம் பதிவுகள் குவிந்தன. அவ்வாண்டு டிசம்பரில், முன்பைவிடக் கடுமையாக்கப்பட்ட குளோபல் என்கேப் விதிகளின்கீழ், பெரியவர்கள் பாதுகாப்பில் 5 நட்சத்திரம் பெற்றது. குழந்தைகள் பாதுகாப்பில் 3தான். 2016இன் பூஜ்ஜியத்தோடு வைத்துப் பார்த்தால், விற்பனைக் கணக்கைவிட இதுவே இந்த அடித்தளத்தின் பெரிய சாதனை எனலாம்.

அதே 2022இல் மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலையின் உற்பத்தி நின்றது. அங்கே தயாரான எண்டேவரும் ஏணிச் சட்ட வண்டிதான், ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பின் உடன்பிறப்பு. ஆனால் அந்த அடித்தளம் ஆஸ்திரேலியாவில் வடிவமைக்கப்பட்டது. ஆலையை மூடும் முடிவு அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு அதைச் சார்ந்திருந்தது. வண்டி பூட்டும் ஊருக்கும் அடித்தளம் பிறக்கும் ஊருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மாவட்டத்திலுள்ள இந்த இரண்டு வளாகங்களும் காட்டுகின்றன.

புதிய சட்டத்தின் மீது பிக்கப் ஒன்றையும் மஹிந்திரா உருவாக்கிக் காட்டியது. குளோபல் பிக்கப் எனப்பட்ட அந்த மாதிரி வண்டி 2023 ஆகஸ்ட் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அறிமுகமானது. பழைய ஸ்கார்ப்பியோ அடித்தளத்துப் பிக்கப்புகள் அந்நாட்டின் டர்பன் நகரில் 2018 முதலே பூட்டப்பட்டு வருகின்றன.