மலைநாட்டுத் தோட்டங்களும் அரசாங்க அறிவித்தலும்

சட்டமொன்று வர்த்தமானியில் வெளிவந்ததும் நாட்டு மக்கள் யாவரும் அதனை அறிந்தவராகவே கொள்ளப்படுவர். ஆட்சி நடைபெறுதற்கு இன்றியமையாத ஒரு கற்பனை இது. அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தொழிலாளருக்கு இக்கற்பனையால் விளைந்த இழப்பு சிறிதன்று.

அம்மக்களிடம் செய்தி கொண்டு செல்லுதல் இயலாத காரியமாயிருந்ததோ எனின், அன்று. ஆள் தேவைப்பட்ட காலத்தில் அது செவ்வனே நடைபெற்றது. 1901 இல் தகரத் துண்டு முறை ஏற்பட்டது. தோட்டத்தின் எண் பொறித்த அத்துண்டைக் காட்டியவர், வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட, தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து மலைநாடு வரை வந்து சேரலாம். 1904 இல் தோட்டத்துரைமார் சங்கத்தின் முயற்சியால் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகம் நிறுவப்பட்டது. எழுத்தறியாதவரிடத்தும் கங்காணியின் வாய்ச்சொல் சென்று சேர்ந்தது. 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேச ஐயரும் இவ்வுண்மையை உணர்ந்தவரே. பத்திரிகை நடத்தியதோடு அவர் அமைந்துவிடவில்லை. கூட்டங்களில் அவர் மனைவியார் மீனாட்சி அம்மாள் பாடிய பாடல்கள், அச்செழுத்துச் செல்லாத இடங்களுக்கும் சென்றன.

1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் நிலைமை மாறிற்று. உரிமை கோருதற்கு வழியாக 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இந்நாட்டில் தொடர்ந்து வசித்தமையை நிரூபித்தல் வேண்டும். விண்ணப்பிக்க விதித்த காலம் இரண்டாண்டு; 1951 ஆகஸ்ட் 5 இல் அது முடிவுற்றது. காலம் குறுகியமைக்கு அரசாங்கத்தை மாத்திரம் குறைகூறுதல் நீதியன்று. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரிக்கும்படி கூறிப் பின்னரே விண்ணப்பிக்கும்படி பணித்தது. ஆதலின் பெரும்பாலான விண்ணப்பங்கள் இறுதி மாதங்களில் வந்து குவிந்தன.

ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. மறுக்கப்பட்டமைக்குக் காரணங்கள் பல. பிறப்புப் பத்திரம் இல்லாமையும், இந்தியாவுக்குச் சென்று நீண்டகாலம் தங்கியமையும் அவற்றுட் சில. ஆயினும் நடைமுறையிலிருந்த ஓர் அம்சம் ஆராயத்தக்கது. சான்று போதாதெனக் கருதிய ஆணையாளர், மறுப்புக்கான காரணங்களைக் காட்டி விண்ணப்பதாரருக்கு அறிவித்தல் அனுப்புவார். மூன்று மாதத்துள் தக்க மறுமொழி வராவிடின் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். எழுத்தளவில் இதனை நியாயமான ஏற்பாடு என்றே கூறல் வேண்டும். ஆனால் லய அறைக்குத் தனி முகவரி ஏது? தபால் தோட்டக் காரியாலயத்துக்கே வரும். அக்காலத்து நிர்வாக மொழியோ ஆங்கிலம். கடிதம் தொழிலாளியின் கைக்கு வந்த பின்னும், அதனை வாசித்துப் பொருள் கூறுதற்குக் கிளாக்கரையோ சங்கத்துக் காரியாலயத்தையோ நாடுதல் வேண்டும். வேலைக்குச் செல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. வசிப்பை நிரூபிக்க உதவும் செக்றோலும் அதே தோட்டக் காரியாலயத்திலேயே இருந்தது. இவ்வாறு மறுமொழியின்றிக் கழிந்த காலத்தைச் சட்டம் காரணம் காட்டத் தவறியதாகவே கொண்டது. கொழுந்துக் கூடையோடு மலையேறியவருக்கோ அப்படியொரு வினா எழுந்ததே தெரியாதிருந்திருக்கலாம்.

1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மக்களின் விருப்பத்தை அறியுமுன்னரே தொகை வகுக்கப்பட்டமையால், விண்ணப்பங்களும் தொகையும் பொருந்தாமற் போயின. அதன் வரலாறு தனியே எழுதப்படற்பாலது.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வேறு வழியைக் கைக்கொண்டது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும், வேறு பிரஜாவுரிமை இல்லாவிடின், சட்டத்தாலேயே உரிமை பெற்றனர். இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு ஒரு பிரகடனம் போதுமானதாயிற்று. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகம் துணைநிற்க, வானொலியிலும் பத்திரிகையிலும் விளம்பரம் செய்யப்பட்டது. பயிற்சி பெற்ற தொண்டர்களும் உத்தியோகத்தரும் நடமாடும் நிலையங்களோடு தோட்டங்களுக்கே சென்றனர். அவ்வாண்டு டிசம்பரில் பத்து நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரஜாவுரிமை பெற்றனர். முந்திய சட்டத்தின்கீழ்ப் பல ஆண்டுகளாக உரிமை பெற்றோரிலும் இத்தொகை மிகுதி.

எனினும் 1964 முதல் தொடர்ந்து வசித்திருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை, வன்செயல்களுக்கு அஞ்சித் தமிழ்நாட்டு முகாம்களில் தங்கிய மலைநாட்டு மக்களை விலக்கிவைத்தது. அவர்பொருட்டு 2009 இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட வேண்டியதாயிற்று.